கதவுக் குழு

படிவத்தில் மூன்றாம் கேள்வி:
இதுவரை எத்தனை பேரை வழிநடத்தியிருக்கிறீர்கள்?
முப்பத்துமூன்று வருடம் ஒரே கம்பெனியில் கிடந்தவளுக்கு
விடை எழுதச் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு கட்டம்.

டாம்பரேயில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே முற்றத்து விளக்குகளைப் போட்டுவிட்டார்கள்.

லிஃப்ட் கதவுக்கென்று தனிக் குழு வேண்டுமாம்.
மோட்டார் பக்கம் போகத்தான் எல்லோருக்கும் ஆசை,
கதவுதானே என்று ஒருவரும் வரவில்லை.
நேர்காணலுக்கு வந்த தைஸ்தோ
அறைக் கதவு கீச்சிட்டதும் உட்காராமல் நின்றான்,
பையிலிருந்து ஒரு காசை எடுத்தான்,
கீலின் திருகை முறுக்கிவிட்டு
‘ம்’ என்று உட்கார்ந்தான்.
அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ரைலி வந்தாள், மாவு மில் வேலையை விட்டு.
எட்டுப் பேர் ஆனோம்.
எங்கள் லிஃப்டுக்குள் அடித்த தகட்டிலும் அதே கணக்கு:
எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ.

திறந்த கதவு மூடுமுன் எவ்வளவு நேரம் நிற்கலாம்?
இரண்டு விநாடி போதும் என்றது விற்பனைப் பிரிவு.
ரைலி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வாரம்
கடிகாரத்தோடு உட்கார்ந்து
ஊன்றுகோல்களை எண்ணிவிட்டு வந்தாள்.
நாலு, என்றாள்.
அந்த இரண்டு விநாடிக்காக ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை.
ஜெயித்தோம்.
அறிக்கையில் என் பெயர் இருந்தது.

தொண்ணூற்றிரண்டில்
சோவியத்துக்குப் போகவேண்டிய அறுபது லிஃப்டுகள்
முற்றத்தில் பனி மூடிக் கிடந்தன.
ஆர்டர் கொடுத்த நாடே இல்லை;
பாக்கியை எந்த விலாசத்தில் போய்க் கேட்பது?
எட்டில் மூன்று பேர், என்றார்கள் மேலே.
யார் என்பது என் பொறுப்பு.

அன்று வியாழன், பட்டாணி சூப்.
தைஸ்தோ கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு
என் அறைக்கு வந்தான், தாளைப் படித்தான்.
‘இந்தப் பேனா எழுதவில்லை’
என்று மட்டும் சொன்னான்.
வேறு பேனா கொடுத்தேன்.
நான் செய்த உதவி அவ்வளவுதான்.

ரைலியை யாரும் அனுப்பவில்லை.
ஏழு வருடம் கழித்துத் தானாகவே ஸ்வீடனுக்குப் போனாள்.
ஏன் என்றேன்.
‘நான் செய்வது சரியா தப்பா என்றே தெரியவில்லை, ஹெல்வி.’
மோசமில்லை:
எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.
அதைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை.

பிறகு பல பேர். சிலரின் முகம் மறந்துவிட்டது,
கையெழுத்து நினைவிருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்றில் ஆஸ்பத்திரி லிஃப்டைச் சோதிக்க
ஆய்வாளர் வந்தார். தலை நரைத்திருந்தது. தைஸ்தோ.
மண்டியிட்டு அளந்தான்.
தரைக்கும் லிஃப்டுக்கும் பதினான்கு மில்லிமீட்டர்.
‘சக்கரக் கட்டில் இடறும்.’
தேறவில்லை என்று எழுதினான்.
அவன் பேனா நன்றாக எழுதியது.
பையன்கள் முணுமுணுத்தார்கள்.
விடிய விடிய இருந்து சரிசெய்தோம்.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் எதிர்எடையைப் பார்ப்பதில்லை.
நாம் மேலே போகையில் அது கீழே இறங்கும்.
நடுவழியில் ஒரு கணம்,
சுவரை ஒட்டி, இருட்டில்,
நம்மைக் கடந்து போகும்.

தைஸ்தோவை இந்தக் கட்டத்தில் சேர்ப்பதா, கழிப்பதா?

ஹோதான் வாசலில் நிற்கிறாள், கேக் வெட்டக் கூப்பிட.
பெற்றோர் மொகதிஷுவிலிருந்து வந்தவர்கள்;
இவள் பேச்சில் டாம்பரே மணக்கும்.
இவள் சேரும்வரை எங்கள் மீட்டிங் என்றால்
காப்பி உறிஞ்சும் சத்தம்தான்.
முதல் வாரமே கேட்டாள்: நாலு விநாடி எதற்கு?
முதல்முறையாக ரைலியின் பெயரைச் சொன்னேன்.
கோப்பில் திருத்தி எழுதினாள், என்னைக் கேட்காமலே.
நாளையிலிருந்து குழு அவளுடையது.

கட்டத்தை வெறுமையாக விட்டு எழுந்தேன்.
அட்டைப்பெட்டி கனக்கிறது, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை.
தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்ட் திறந்து நிற்கிறது.
ஹோதான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தப் பார்த்தாள்.
தொடாதே, என்றேன்.

நடந்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.